முதல் சுற்றில் ஒரு ஓட்டு

ஓட்டுப் போடும் அறைக்கு வெளியே வரிசையில் நின்றபோது ரெமிஜியுஸ் தன் வலது உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நெடுங்காலமாகக் கயிறு உராய்ந்து உராய்ந்து அங்கே தோல் தடித்துக் காய்த்திருந்தது. அந்தக் கையால்தான் இன்று அவன் தன் மாப்பிள்ளைக்கு ஓட்டுப் போடாமல் இருக்கப் போகிறான்.

மாப்பிள்ளை என்றால் தங்கை ஜெனோவாவின் கணவன், அனிஸ்டஸ். கீழூரில் அவனைப்போல ஒரு குளியாளி கிடையாது. கீழூர் கடலுக்கு அடியில் இருக்கிறது. கரையில் மழை பொய்த்து ஆறுகள் மணலான பிறகு, கடல்நீரிலிருந்து உப்பை நீக்கி மேலே அனுப்பும் குழாய்களைக் காப்பதற்காகக் கட்டிய ஊர். தூத்துக்குடி, வேம்பார், மணப்பாடு பக்கத்து ஆட்கள் தொண்ணூற்றுச் சொச்சம் பேர், இரும்புக் கூடங்களுக்குள் அண்டை அயலாக வாழ்ந்தார்கள். குழாயில் அடைப்போ விரிசலோ வந்தால் குளியாளி வெளியே போவான். நடுக்கூடத்தின் தரையில் ஒரு வட்டமான திறப்பு உண்டு. உள்ளேயிருக்கும் காற்றின் அழுத்தம் கடலை அதன் விளிம்போடு நிறுத்தி வைத்திருக்கும். அதைக் கிணறு என்பார்கள். குளியாளி அதில் இறங்க, அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைக் கிணற்றடியில் ஒருவன் பிடித்திருப்பான். பம்புகளின் இரைச்சலில் ரேடியோ எடுபடாது, கயிறுதான் பேசும். மேலிருந்து இரண்டு இழுப்பு என்றால் 'இருக்கியா?' கீழிருந்து ஒன்று வந்தால் 'இருக்கேன்'. கீழிருந்து மூன்று வந்தால் 'தூக்கு'.

கயிறு பிடிப்பவன் குளியாளியின் மச்சானாக, மனைவியோடு பிறந்தவனாக, இருக்க வேண்டும். சங்கு குளித்த காலத்திலிருந்து வருகிற வழக்கம் அது. தங்கையின் தாலி அவன் கையில் இருக்கிறது. அவன் தூங்க மாட்டான்.

இப்போது அந்த வழக்கத்துக்குத்தான் கேடு வந்திருந்தது. கிணற்றடியில் ஆளுக்குப் பதிலாகச் சுருட்டி என்றொரு இயந்திரத்தை வைக்கலாம் என்று நிர்வாக வாரியத்தில் பேச்சு. பாதி உறுப்பினர்கள் வேண்டும் என்றார்கள், பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். இந்தச் சமயத்தில் ஒரு உறுப்பினர் கரைக்கே திரும்பிப் போய்விட்டார். காலியான அந்த ஒற்றை இடம்தான் கயிற்றின் விதியைத் தீர்மானிக்கும் என்றாகிவிட்டது.

"கயிறு போகக் கூடாது, நான் நிக்கப் போறேன் மச்சான்" என்று அனிஸ்டஸ் சொன்னபோது, சன்னல் கண்ணாடியில் முகம் பார்த்துச் சின்னச் சீப்பால் மீசையைச் சீவிக்கொண்டிருந்தான். கண்ணாடிக்கு அப்பால் கருத்த தண்ணீர். அவன் ஒரு சன்னலையும் சும்மா கடந்ததில்லை. "என்ன அழகுல நான்! இந்த மூஞ்சிக்கு ஓட்டுப் போடாம எந்த மூஞ்சிக்குப் போடுவானுவ?"

"மூஞ்சிக்கா ஓட்டு? அப்ப உங்க டெபாசிட் காலி" என்றாள் ஜெனோவா, அடுப்படியிலிருந்து.

எல்லோரும் சிரித்தார்கள். ரெமிஜியுஸும் சிரித்தான். ஆனால் அவனுக்குள் அப்போதே ஏதோ ஒன்று புரண்டு படுத்தது.

"எனக்குப் போட்டுருவல்ல மச்சான்?"

"போடாம?" என்றான் ரெமிஜியுஸ்.

அதன்பின் அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் கிணற்றடிக்கும் நடந்தான். கயிற்றைச் சுருட்டினான், பிரித்தான், மறுபடியும் சுருட்டினான். கீழூரின் தேர்தலில் தோற்றுப் போவது பெரிய விஷயமில்லை. தோற்றவனுக்கு ஓட்டுப் போட்டிருப்பதுதான் பெரிய விஷயம்.

தேர்தல் நாளன்று டாக்டர் கமலவேணி நடுக்கூடத்தில் நின்று அதை வழக்கம்போல விளக்கினாள். ஊருக்கு மருத்துவரும் அவள்தான், தேர்தல் அதிகாரியும் அவள்தான்.

"முதல் தடவை ஓட்டுப் போடுறவங்களுக்காகச் சொல்றேன். நாலு பேர் நிக்கிறாங்க. அனிஸ்டஸ், தனபாலன், பிரின்ஸி டீச்சர், கோயில்பிள்ளை. யாருக்காவது பாதிக்கு மேல ஓட்டு விழுந்தா அதோட முடிஞ்சுது. விழலைன்னா, யாருக்குக் குறைவோ அவர் வெளியே போவார். மிச்சம் இருக்கிறவங்களுக்குள்ள மறுபடியும் முதல்ல இருந்து ஓட்டு. இப்படியே ஒருத்தர் பாதியைத் தாண்டுற வரைக்கும் சுத்து நடக்கும்."

"ஒரே தடவையில எண்ணி, கூட வாங்குனவன் ஜெயிச்சான்னு சொன்னா என்ன டாக்டர்? பசிக்குது" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அப்படிச் செஞ்சா முக்கால்வாசிப் பேருக்குப் பிடிக்காத ஆளு ஜெயிச்சிரலாம். சுத்துச் சுத்தா கழிச்சா, கடைசியில நிக்கிறவர் பாதிப் பேருக்காவது ஒத்து வர்றவரா இருப்பார்."

"தணிப்பைச் சொல்லும்மா" என்றது இன்னொரு குரல்.

டாக்டர் சற்றுத் தயங்கினாள். "ஒவ்வொரு சுத்துக்கும் நடுவுல எல்லாரும் பட்டை மாட்டிக்கிட்டு உக்காரணும். வெளியே போனவருக்கு ஓட்டுப் போட்டவங்களுக்கு மட்டும் தணிப்பு நடக்கும். மத்தவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. யாருக்கு நடந்ததுன்னு எனக்கும் தெரியாது, இயந்திரத்துக்கு மட்டும்தான் தெரியும்."

தணிப்பு வந்த கதை எல்லோருக்கும் தெரியும். ஊர் புதிதாக இருந்த காலத்தில், தேர்தலில் தோற்றவனின் ஆட்கள் ஆத்திரத்தில் மேற்குக் கூடத்தின் காற்றுக் குழாயை அடைத்துவிட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் மூச்சுமுட்டிச் செத்தார்கள். கரையில் கோபித்துக்கொண்டால் அடுத்த ஊருக்குப் போய்விடலாம். கீழூரில் எங்கே போவது? அதனால் ஓட்டுப் போடும்போதே தலையில் ஒரு பட்டை மாட்டினார்கள். ஒருவரை மனத்தில் நினைத்துத் தேர்ந்தெடுக்கிற அந்தக் கணத்தில் மூளையில் எது சூடாகிறதோ அதைப் பட்டை குறித்துக்கொள்ளும். அவர் தோற்றால் அந்தச் சூட்டை ஆற்றிவிடும். நினைவு ஒன்றும் போகாது. சூடு மட்டும் போய்விடும். கோபப்படுவதற்கு அங்கே ஒன்றும் மிஞ்சாது.

ஒன்றும் மிஞ்சாது என்பதுதான் சங்கடம். சில வாரங்களில் சரியாகிவிடும் என்று ஏட்டில் இருந்தது. ஆனால் ரெமிஜியுஸ் கண்ணால் பார்த்திருக்கிறான். கூடப்பிறந்த அக்காவுக்கு ஓட்டுப் போட்ட ஒருத்தி, அக்கா தோற்ற பிறகு, "நல்லா இருக்கீங்களா?" என்று அவளிடம் கேட்டுவிட்டுத் தன் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனாள். ஆண்டுகள் போயும் அப்படியேதான் இருக்கிறாள்.

வரிசை நகர்ந்தது. ரெமிஜியுஸ் மறுபடி உள்ளங்கையைப் பார்த்தான். கணக்கு எளிதானது. மாப்பிள்ளை முதல் சுற்றில் தோற்க மாட்டான். ஊரே அவன்மேல் உயிரை வைத்திருக்கிறது. அவனுக்கு விழப்போகிற ஓட்டுகளில் ஒன்று குறைந்தால் குடி முழுகிவிடாது. கடைசிச் சுற்றில், வெற்றி உறுதி என்று தெரிந்த பிறகு, போட்டுக்கொள்ளலாம். அப்படியில்லாமல் இப்போதே போட்டு, எப்படியோ அவன் தோற்றுத் தொலைத்தால்? கயிறு பிடிக்கிற கை ஆறிப்போகும். கீழே இருப்பவன் யாரோ ஒருவன் என்று ஆகிவிடும். ஓட்டுப் போடாததும் அவனுக்காகத்தான்.

பட்டையை மாட்டிக்கொண்டு சமையற்காரர் கோயில்பிள்ளையின் பெயரை அழுத்தினான். அவர்மேல் இருக்கிற பிரியமெல்லாம் அவர் வைக்கும் புளிக்குழம்பின்மேல் இருக்கிற பிரியம். போனால் போகட்டும்.

வெளியே வந்தபோது அனிஸ்டஸ் கண்ணடித்தான். ரெமிஜியுஸ் தலையாட்டினான்.

முடிவைச் சுவரில் போட்டார்கள்.

கோயில்பிள்ளை, முப்பத்தாறு. தனபாலன், இருபத்தெட்டு. பிரின்ஸி டீச்சர், இருபத்தாறு. அனிஸ்டஸ், ஒன்று.

பம்புகளின் இரைச்சல் மட்டும் சுவர்களுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. கோயில்பிள்ளை வெலவெலத்துப்போய், "யய்யா, நான் சும்மா வெளையாட்டுக்குல்லா நின்னேன்" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் ரெமிஜியுஸுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவன் போட்ட கணக்கை ஊரே போட்டிருந்தது.

ஜெனோவா அவன் முழங்கையைப் பிடித்தாள்.

"அண்ணே, நான் ரெண்டாம் சுத்துக்குன்னு வச்சிருந்தேன். நீ போட்டிருப்பல்ல?"

அவன் உள்ளங்கையை மூடிக்கொண்டான். அதுவே அவளுக்குப் பதிலாக இருந்தது.

"எல்லாரும் பட்டையை மாட்டிக்கோங்க" என்றாள் டாக்டர்.

மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ரெமிஜியுஸ் கண்ணை மூடித் தனக்குள் தேடினான். மாப்பிள்ளையின் சிரிப்பு, சீப்பு, ஒவ்வொரு முறை இறங்கும் முன்னும் காற்று அளவியைத் தட்டி, "அனிஸ்டசு, பத்திரமா வந்துருடே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற அந்தக் கோமாளித்தனம். எல்லாம் சூடாக அப்படியே இருந்தன. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

அடுத்தடுத்த சுற்றுகளை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. டீச்சர் வெளியேறினாள். பிறகு தனபாலன் ஜெயித்தார். அவர் பண்டகசாலைப் பொறுப்பாளர், சுருட்டி வேண்டும் என்கிறவர், ஆனால் மோசமானவர் அல்ல. தோற்றாலும் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லாத மனிதர். அதனால்தான் பயமில்லாமல் போட முடிந்தது. வாரியத்தில் உட்கார்ந்திருக்கும் முகங்களை ரெமிஜியுஸ் ஒன்றொன்றாக நினைத்துப் பார்த்தான். அத்தனையும் அப்படிப்பட்ட முகங்கள்தான். இவ்வளவு காலமும் இது ஏன் கண்ணில் படவில்லை?

அன்று சாயங்காலம் வீடு நிறைந்து வழிந்தது. ஆளாளுக்கு ஏதாவது கொண்டுவந்தார்கள். ஒருத்தி அனிஸ்டஸின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கோயில்பிள்ளை ஒரு சட்டி நிறையப் புளிக்குழம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் குற்றவாளி போல மூலையில் நின்றார். அனிஸ்டஸ் எல்லோரிடமும் அமைதியாகப் பேசினான். "விடுங்க. ஒரு ஓட்டுத்தானே, அதுல என்ன இருக்கு?" என்றான். அவன் எவ்வளவு பெரிய மனதுக்காரன் என்று வியந்தபடியே கலைந்தார்கள்.

ரெமிஜியுஸுக்கு வேறொரு குடைச்சல். அந்த ஒரு ஓட்டு யாருடையது? ஊரில் ஒரே ஒரு ஆள் துணிந்து போட்டிருக்கிறான். அந்த ஆளுக்கு இப்போது அனிஸ்டஸ் மேல் ஒன்றும் இருக்காது. யாரிடம் அந்தக் குளிர்ச்சி தெரிகிறது என்று தேடினான். சாப்பாட்டு வரிசையில், பட்டறையில், பிரார்த்தனையில், ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். எல்லா முகங்களும் அனிஸ்டஸைக் கண்டதும் இளகின. எல்லோரும் அவன்மேல் இருந்த பிரியத்தைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். ஊரில் ஒருவருக்குக்கூடக் குறையவில்லை.

"யாரா இருக்கும்?" என்று ஜெனோவாவிடம் கேட்டான்.

"யாரா இருந்தா என்ன? நம்மளவிட நல்லவங்க" என்றாள். பிறகு, தட்டைக் கழுவிக்கொண்டே, "அவுக ரெண்டு நாளா மீசை சீவல" என்றாள்.

"வருத்தம் இருக்கத்தான செய்யும்?"

"வருத்தம் மாதிரி இல்லண்ணே. வருத்தப்பட்டா சாப்பிட மாட்டாக, இல்ல கத்துவாக. இது... போட்டா சாப்பிடுதாக. போடலைன்னா கேக்க மாட்டேங்காக."

சுருட்டி வருவதற்கு முன் கடைசியாக ஒருமுறை கயிற்றோடு இறங்க வேண்டியிருந்தது. வடக்குக் குழாயில் பாசி அடைத்திருந்தது. அனிஸ்டஸ் காற்றுக் குடுவையை மாட்டினான். ரெமிஜியுஸ் அவன் இடுப்பில் முடிச்சைப் போட்டுவிட்டுக் காத்திருந்தான். அளவியைத் தட்டவில்லை. தன்னிடம் பத்திரம் சொல்லிக்கொள்ளவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறவனைப் போலத் தண்ணீருக்குள் போனான்.

கயிறு ஓடி நின்றது. ரெமிஜியுஸ் இரண்டு இழுப்பு இழுத்தான். சற்றுத் தாமதித்து ஒன்று வந்தது. நேரம் போனது. மறுபடியும் கேட்டான், மறுபடியும் ஒன்று. கிணற்றின் கருத்த தண்ணீர் அசையாமல் கிடந்தது. மூன்று இழுப்பு வர வேண்டிய நேரம் வந்தது. வரவில்லை. ரெமிஜியுஸ் எழுந்து நின்றான். காற்று இந்நேரம் சிவப்புக் கோட்டில் இருக்கும். இரண்டு இழுத்தான். ஒன்று வந்தது: இருக்கேன். 'தூக்கு' மட்டும் வரவில்லை.

அவன் கேட்காமலே ரெமிஜியுஸ் தூக்கத் தொடங்கினான். தோள் கழன்றுவிடும்போல இழுத்தான்.

அனிஸ்டஸ் மேலே வந்து முகமூடியைக் கழற்றினான். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. முகத்தில் கலவரம் இல்லை.

"என்ன மச்சான் இழுத்துட்ட? இன்னும் கொஞ்சம் பாசி இருந்துச்சு."

"காத்து முடிஞ்சிட்டுல மாப்ள! பாக்கலையா நீ?"

"பாத்தேன்" என்றான் அனிஸ்டஸ். "குழாயில பாசி இருந்துச்சு, அதான்." கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, எங்கோ படித்த செய்தியைச் சொல்வதுபோல, "இந்தப் பய நல்லாத்தான் வேலை செய்தான்" என்றான்.

"எந்தப் பய?"

அனிஸ்டஸ் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

ரெமிஜியுஸ் நேரே டாக்டரிடம் போனான். கதவைத் தட்டவும் மறந்துவிட்டான்.

"நிக்கிறவங்களும் ஓட்டுப் போடுதாங்கல்ல?"

"ஆமா. ஏன்?"

"தனக்கே போட்டுக்கலாமா?"

"எல்லாரும் தனக்குத்தான் போட்டுப்பாங்க. வேற யாருக்குப் போ..." டாக்டர் பாதியில் நிறுத்தினாள்.

அவள் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். அறையின் மூலையில் பட்டைகள் ஆணியில் வரிசையாகத் தொங்கின.

"தோத்தவருக்கு ஆத்திரம் வரக்கூடாதுன்னுதான் அவங்களுக்கும் வச்சாங்க" என்றாள் டாக்டர். தனக்கே சொல்லிக்கொள்வதுபோல இருந்தது. "தன்மேல இருக்கிறதும் அதே மாதிரி ஒரு சூடுதான். அதை யாரும்... பெலவேந்திரன்."

அந்தப் பெயர் ரெமிஜியுஸுக்கும் அதே கணத்தில் நினைவு வந்தது. போன தேர்தலில் தோற்ற பெலவேந்திரன் குளிக்க மறந்தார், பிறகு உண்ண மறந்தார், ஒருநாள் படுத்த இடத்திலேயே ஒடுங்கிப்போனார். தோற்ற அவமானம் ஆளைத் தின்றுவிட்டது என்று ஊர் சொன்னது. ரெமிஜியுஸும்தான் சொன்னான்.

"திருப்பிச் சூடாக்க முடியுமா?"

"ஆத்தத்தான் தெரியும்" என்றாள். "வாரியத்துல சொல்றேன். பட்டையை நிறுத்தச் சொல்றேன். டீச்சரையும் உடனே பாக்கணும், கோயில்பிள்ளை பயந்துபோய் வேற யாருக்காவது போட்டிருப்பார். ஆனா அனிஸ்டஸுக்கு..."

வாரியம் டாக்டர் சொன்னதைக் குறித்துக்கொண்டது. ஆராய்வதாகச் சொன்னது. சுருட்டி அதற்குள் வந்து இறங்கிவிட்டது.

தனபாலனே கிணற்றடியில் நின்று அதை ஊருக்குக் காட்டினார். பளபளவென்று ஒரு உருளை, அதில் கயிற்றுக்குப் பதில் கம்பி வடம். "குளியாளி கையில ஒரு பொத்தான். அவன் கேட்டா இழுக்கும். கேக்காட்டி இழுக்காது. மனுசக் கை மாதிரி அசந்து தூங்காது, பதறி இழுக்காது" என்றார். அவர் நல்லதற்குத்தான் சொன்னார்.

"கேக்காதவனை என்ன செய்யும்?" என்றான் ரெமிஜியுஸ்.

"கேக்காதவன் எவன்டே இருக்கான்? உயிர்மேல ஆசை இல்லாதவனா?"

அனிஸ்டஸ் பக்கத்திலேயே குடுவையை மாட்டிக்கொண்டு நின்றான். அந்தப் பேச்சு தன்னைப் பற்றியது என்பது அவனுக்கு உறைத்ததாகத் தெரியவில்லை. அவனை இறக்க வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தாள். ஆனால் கிழக்குக் குழாயில் விரிசல், கரையில் தண்ணீர் நின்றுவிடும், அவனைவிட்டால் ஆள் இல்லை. அதைவிட, போகிறாயா என்று கேட்டதற்கு அவனே, "போறேனே, எனக்கென்ன?" என்று சொல்லிவிட்டான்.

ஜெனோவா குனிந்து அவன் காற்று அளவியைத் தட்டினாள். "அனிஸ்டசு, பத்திரமா வந்துருடே" என்றாள். இதுவரை அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

அவன் அவளை மரியாதையாகப் பார்த்துவிட்டு இறங்கினான்.

வடம் ஓடியது. உருளை மெல்ல ரீங்கரித்துவிட்டு நின்றது. ரெமிஜியுஸுக்கு இப்போது பண்டகசாலையில் வேலை. அங்கேதான் இருக்க வேண்டும். அவன் போகவில்லை. உருளைக்கும் தண்ணீருக்கும் நடுவில் மண்டியிட்டு வடத்தைக் கையில் பிடித்தான். கம்பி கயிற்றைப்போல இல்லை, உள்ளங்கையைக் கிழித்தது.

"லே, அதைத் தொடாத! மெஷின் தப்பா எடுத்துக்கும்" என்றார் தனபாலன்.

அவன் இரண்டு இழுப்பு இழுத்தான். நெடுநேரம் கழித்து, மிகவும் மெலிதாக, ஒன்று வந்தது. அவனுக்குப் பின்னால் ஜெனோவா வந்து மண்டியிட்டு வடத்தைப் பிடித்தாள். அவளுக்குப் பின்னால் கோயில்பிள்ளை, மஞ்சள் கறை காயாத கையோடு. வேறு யார் யார் வந்தார்கள் என்று ரெமிஜியுஸ் திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சுகள் மட்டும் கேட்டன. சுருட்டியின் பச்சை விளக்கு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எரிந்துகொண்டிருந்தது.

சிவப்புக் கோட்டுக்கு நேரமாயிற்று. ரெமிஜியுஸ் தண்ணீரையே பார்த்தான்.

மாப்பிள்ளை கேட்கவில்லை. ரெமிஜியுஸ் இழுத்தான்.